ஹவில்தார் வீட்டு நம்பர்

முசஃபா, அபுதாபி
3 பிப்ரவரி 2006

அன்புள்ள ஜெயமணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் "இதுக்கு ஒரு தாளா?" என்று கேட்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு சூப்பர்வைசர் வேலை வருகிறது. இந்த இரும்பு யார்டு கேட்டில் இல்லை. அபுதாபி டவுனுக்குள் கடலோரமாகப் புதிதாகக் கட்டியிருக்கிற ஆபீஸ் பில்டிங்கில். பளிங்குத் தரை, இருபத்து நாலு மணி நேரமும் ஏசி, எனக்குக் கீழே எட்டு செக்யூரிட்டி கார்டுகள். எங்கள் கம்பெனி ஆபரேஷன் மேனேஜர் சாதிக் பாட்ஷா கீழக்கரைக்காரர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவர்தான் கூப்பிட்டுச் சொன்னார். "அண்ணே, நம்ம ஜில்லாக்காரரு, அதுவும் மிலிட்டரி. ஒங்க பேரத்தான் மேல அனுப்பிருக்கேன். மறுபேச்சு பேசாம வாங்க" என்றார்.

சம்பளத்தை விடு. இந்தப் போஸ்ட்டுக்கு ஃபேமிலி விசா உண்டு. ஒரு ரூம், ஹால், கிச்சன் உள்ள வீடு கம்பெனியே கொடுக்கும். நீயும் ராதிகாவும் இங்கே வந்து என்னோடு இருக்கலாம். இந்த வரியை இன்னொரு தடவை படித்துப் பார். நான் எழுதும்போதே இரண்டு தடவை படித்தேன்.

சின்ன விஷயம் ஒன்றுதான். அங்கே யூனிஃபார்ம் அரைக்கை. கட்டடத்துக்காரர்களுக்குக் கையில் பச்சை குத்தியிருந்தால் பிடிக்காதாம். என் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஆர்மி நம்பர் நீளமாகக் கிடக்கிறதே, அதை எடுத்துவிட வேண்டுமாம். லேசர் வைத்து எடுக்கிற கிளினிக் இங்கே இருக்கிறது. கம்பெனியே கூட்டிப்போகும். இரண்டு மூன்று தடவை போனால் போதுமாம். தோலில் இருக்கிற மைதானே, போனால் போகிறது.

ராதிகாவுக்குப் பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்கள். போட்டோவில் காது தெரிய வேண்டும். அவளிடம் சொல், இல்லாவிட்டால் முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

உன்,
ராக்கப்பன்


கமுதி
15 பிப்ரவரி 2006

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் சொன்ன வரியை இரண்டு தடவை என்ன, ஏழெட்டுத் தடவை படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை. அதற்கு அடுத்து "சின்ன விஷயம்" வந்தது. அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நீங்கள் மட்டும் எதிரே இருந்திருந்தால் அந்தப் பால் பாத்திரத்தை அப்படியே விட்டெறிந்திருப்பேன்.

அந்த நம்பரை அழிக்க நீங்கள் யார்?

உங்கள் கை, உங்கள் தோல், அதனால் உங்கள் இஷ்டம் என்று நினைத்துக்கொண்டீர்களா? செகந்திராபாத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்து என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். போய் இறங்கிய கொஞ்ச நாளில் உங்களைப் பார்டருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, இந்தி ஒரு வார்த்தை தெரியாமல், மிலிட்டரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே என் பெயரை யாராவது கேட்டார்களா? உங்கள் நம்பரைச் சொல்லி, அதற்குப் பின்னால் "வைஃப் ஆஃப்" என்று கூப்பிட்டார்கள். தமிழில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத அந்த ஊரில் அந்த நம்பர்தான் என் பேர். ராதிகா பிறந்தபோது அவள் காலில் கட்டிய பட்டையில் எழுதியிருந்ததும் அந்த நம்பர்தான். இடுப்பு வலியில் நர்ஸம்மா கேட்டபோது அம்மா என்று கத்துவதற்கு முன்னால் அந்த நம்பரை ஒப்பித்தவள் நான்.

நீங்கள் பதினேழு வருஷம் சர்வீஸ் போட்டீர்கள். நான் எத்தனை வருஷம் போட்டேன்? கார்கில் சமயத்தில் போஸ்ட்மேன் தெருவில் திரும்பினாலே மடியில் ஈரம் பட்ட மாதிரி உடம்பு சில்லிட்டு நின்றேனே, அதற்கு யார் எனக்குப் பென்ஷன் தருகிறார்கள்? எனக்கு மெடல் வேண்டாம். அந்த நம்பர் இருக்கிறது என்ற ஒரு கெத்து இருந்தது. அதையும் ஒரு பளிங்குத் தரைக்காக மெஷின் வைத்துச் சுரண்டப் போகிறீர்களாக்கும்.

போன் பண்ணாதீர்கள். எடுக்க மாட்டேன். போனில் நான் கோபமாகப் பேச ஆரம்பித்தால் உடனே உங்களுக்குக் கார்டு தீர்ந்துவிடுகிறது. எழுதுங்கள். எழுத்தில் யாரும் பாதியில் துண்டித்துக்கொண்டு ஓட முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிவராத்திரிக்கு நம் குலசாமி கோயிலுக்குப் பச்சை குத்துகிறவர்கள் வருவார்கள். நீங்கள் அங்கே அழித்தால் நான் இங்கே குத்திக்கொள்வேன். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு.

ஜெயமணி

பாஸ்போர்ட் பாரத்தை ராதிகா வாங்கி வைத்திருக்கிறாள். அவள் பங்கை எழுதிவிட்டாள். என் பங்கில் நான் கை வைக்கவில்லை.


முசஃபா
27 பிப்ரவரி 2006

ஜெயமணிக்கு,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. சிவராத்திரி நேற்றே முடிந்துவிட்டது. நீ சொன்னபடி ஏதும் கிறுக்குத்தனம் செய்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு, கோயில் திருவிழாவில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? ஹவில்தார் பொண்டாட்டிக்குக் கழன்றுவிட்டது என்று சொல்லும்.

நீ பட்ட கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நீ கமுதியில் இருந்துகொண்டு எழுதுகிறாய். அங்கே நான் தெருவில் நடந்தால் "மிலிட்டரிக்காரரு" என்பார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள். இங்கே நான் யார்? கேட்டைத் திறந்து மூடுகிற ஆள். லாரி வந்தால் எழுந்து நின்று, டிரைவர் நீட்டுகிற சீட்டை வாங்கிப் பார்த்து, யல்லா, போ என்று கையைக் காட்டுகிற ஆள். போன மாதம் ஒரு டிரைவர் என் கையைப் பார்த்துவிட்டு என்ன கேட்டான் தெரியுமா? "பாய், யே ஆப்கா மொபைல் நம்பர் ஹை க்யா?" என்றான். மறந்துவிடுவேன் என்று கையில் குத்திக்கொண்டேனாம். பக்கத்தில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

குன்னூர் சந்தையில் அதைக் குத்திக்கொண்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. டிரெயினிங் முடித்த திமிர். செத்தாலும் ஆள் யாரென்று தெரிய வேண்டும் என்று பசங்கள் எல்லாரும் வரிசையில் நின்றோம். இப்போது எனக்கு நாற்பத்தொன்று. நான் செத்தால் கம்பெனி ஐடி கார்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நம் கல்யாணம் முடிந்து இத்தனை வருஷத்தில் நாம் ஒன்றாக இருந்த லீவு நாட்களை எல்லாம் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது. ராதிகா என்னை "வாங்க, போங்க" என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசுகிறாள். எனக்கு என் வீடு வேண்டும். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஒரு கோடு மைதான் என்றால் நான் கொடுப்பேன். இதில் உன்னிடம் உத்தரவு கேட்கவில்லை. தகவல்தான் சொல்கிறேன்.

ராக்கப்பன்


கமுதி
1 மார்ச் 2006

மாமாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. குத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பொங்கல் வைத்து இறக்கிவிட்டு நேரே போய் உட்கார்ந்தேன். பச்சை குத்துகிறவள் பெயர் பொன்னழகு. "என்ன போடணும் தாயி? தேளா, கோலமா, வீட்டுக்காரரு பேரா?" என்று கேட்டாள். "நம்பரு" என்றேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராதிகா உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்துப் பேனாவால் என் கையில் எழுதிவிட்டாள். பொன்னழகு அதன் மேலேயே குத்தினாள்.

ஆத்தாடி, என்ன வலி! மணிக்கட்டுப் பக்கம் வரும்போது கண்ணில் பூச்சி பறந்தது. நீங்கள் பத்தொன்பது வயதில் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினீர்களா, கத்தினீர்களா? நான் கத்தினேன். பூசாரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நம்பருக்கு மேலே உங்கள் ரெஜிமெண்ட் சின்னமான யானையையும் போடச் சொன்னேன். உங்களிடம் இல்லாதது என்னிடம் ஒன்றாவது இருக்கட்டும் என்று ஆசை. அவள் போட்டது யானையா, பன்றிக்குட்டியா என்று சண்டை நடந்துகொண்டிருக்கிறது. தும்பிக்கைக்கு இடம் பற்றவில்லை என்கிறாள். போகட்டும், நான் யானை என்றால் அது யானைதான்.

உங்கள் அக்கா பஞ்சவர்ணம் மதினி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னடி இது, மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி? நாளைக்கு ராதிகாவப் பொண்ணு கேட்டு வர்றவுக என்ன நெனப்பாக?" என்று கேட்டார். "மிலிட்டரிக்காரர் வீட்டில் பெண் எடுக்கிறோம் என்று நினைக்கட்டும். நினைக்கத் தெரியாதவர்கள் வரவே வேண்டாம்" என்றேன். அதோடு எழுந்து போய்விட்டார். காப்பி கூடக் குடிக்கவில்லை.

 இரண்டு நாள் கழித்து ராதிகா "எனக்கும் குத்திக்கணும்மா" என்று வந்து நின்றாள். "உனக்கெதுக்கு? உங்க அப்பா சம்பாதிச்சாரு, நான் சம்பாதிச்சேன். நீ போய் உனக்குன்னு ஒண்ணு சம்பாதிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

நேற்று மதுரை மிலிட்டரி கேன்டீனுக்குப் போனேன். கார்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் நம்பரைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவே இல்லை. முந்தானையை ஒதுக்கிவிட்டுக் கையைக் கவுண்டர் மேல் வைத்தேன். அவர் சிரித்தார், பிறகு எழுந்து நின்று எழுதிக்கொண்டார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். யார் குத்தியது, எங்கே, எவ்வளவு வலிக்கும் என்று ஒரே கேள்வி. இரண்டு பேர் பொன்னழகு இருக்கிற இடத்தை விசாரித்து வைத்துக்கொண்டார்கள். அபிராமத்து அஸ்மத் பீவியும் அங்கே இருந்தார். அவர் வீட்டுக்காரர் சர்வீஸிலேயே இறந்துபோனவர். என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க மார்க்கத்துல பச்ச குத்தப்படாது தங்கச்சி. நான் மருதாணியில எழுதிக்கிறேன். அழிய அழிய எழுதிக்கிறேன்" என்றார். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து நினைத்து அழுதேன்.

அவர் அழிய அழிய எழுதுகிறாராம். நீங்கள் இருப்பதை அழிக்கிறீர்களாம். இப்போது அழியுங்கள் பார்க்கலாம்.

ஜெயமணி


முசஃபா
12 மார்ச் 2006

ஜெயமணி,

உன் கடிதம் நேற்று வந்தது.

நான் நாலாம் தேதியே கிளினிக்குக்குப் போய்விட்டேன்.

டாக்டர் மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுக்க மாட்டேன் என்றார். மணிக்கட்டுப் பக்கமிருந்து ஆரம்பித்து முதலில் பாதி, தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த மாதம் மிச்சம் என்றார். ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்ட மாதிரி இருக்கும் என்றார்கள். பொய். கொதிக்கிற எண்ணெய் தெறித்த மாதிரி இருந்தது. பிறகு கொப்புளம் போட்டது. நேற்றுக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். கடைசி மூன்று இலக்கம் கிட்டத்தட்ட இல்லை. அந்த இடம் சிவந்து, யாருடைய கையோ மாதிரி இருக்கிறது.

உன் கடிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். தெரியவில்லை. போயிருக்க மாட்டேன் என்று எழுதினால் நீ நம்புவாய். ஆனால் எனக்கே நம்பிக்கை இல்லை.

என்னோடு கேட்டில் டியூட்டி பார்க்கிற மஹ்மூது பற்றி எழுதியிருக்கிறேன். பாகிஸ்தான் ஆர்மியில் இருந்தவர். கார்கில் சமயத்தில் அவரும் அந்தப் பக்கத்து மலையில்தான் இருந்தாராம். நாங்கள் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறோம். மற்றபடி ஒரே அடுப்பில் சமைத்து ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். கட்டோடு நான் வந்ததும் பதறிப்போய், "க்யா ஹுவா பாய்? லாரி இடிச்சிதா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தும்னே அப்னா நம்பர் மிட்டா தியா?" என்றார். நம்பரை அழித்துவிட்டாயா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அன்றைக்கு அவர் ரொட்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு போய் வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தப் பக்கத்து ஆள், ஜெயமணி. என்னைச் சுட வேண்டியிருந்த ஆள். அவருக்கு வலித்தது எனக்கு வலிக்காமல் போய்விட்டதே என்று நினைத்தேன்.

அடுத்த தடவை ஏப்ரல் ஆறாம் தேதி. அதற்கு அடுத்த நாள் கட்டடத்துக்காரர்களைப் பார்க்க வேண்டும். சாதிக் பாட்ஷா தினம் போன் பண்ணுகிறார். வீட்டு ஜன்னலிலிருந்து பாலம் தெரியும் என்றார். நீ சொல். மிச்சத்தையும் எடுக்கட்டுமா, விடட்டுமா? நீ எது சொன்னாலும் செய்கிறேன்.

உன் யானையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ராக்கப்பன்


கமுதி
23 மார்ச் 2006

மாமாவுக்கு,

"உத்தரவு கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்" என்று ஒரு கடிதம். "நீ சொல், செய்கிறேன்" என்று இன்னொரு கடிதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒரே ஆள் எழுதியது போலவே இல்லை.

எனக்கு அழுகை வந்தது. முதலில் கோபத்தில், பிறகு அந்தக் கொப்புளத்தை நினைத்து. மருந்து போடுகிறீர்களா? வெயிலில் காட்டாதீர்கள். இதை எழுதுவதால் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

நான் சொல்ல மாட்டேன். நான் "விடுங்கள்" என்று சொல்லி, நாளைக்கு அந்த யார்டில் வெயிலில் நிற்கும்போதெல்லாம் "அவள் பேச்சைக் கேட்டுக் கெட்டேன்" என்று நீங்கள் நினைப்பதற்கா? "எடுங்கள்" என்று சொல்லி, அந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் மொட்டைக் கையைப் பார்த்துக்கொண்டே நான் சோறு பரிமாறுவதற்கா? இரண்டுக்கும் நான் ஆள் இல்லை. டிரெயினிங் முடித்த திமிரில் போய் நின்றது நீங்கள்தான். இப்போதும் நீங்களே போய் நில்லுங்கள்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களோடு ஒரே வீட்டில் இருக்க எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப இருக்கிறது. அந்த வீட்டில் எந்தப் பக்கம் அடுப்பு இருக்கும், துணி எங்கே காயப்போடுவது என்று வரைக்கும் யோசித்துவிட்டேன். காலையில் நீங்கள் டியூட்டிக்குக் கிளம்பும்போது கதவு வரை வந்து "சாயங்காலம் வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும் எனக்கு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் யோகம் இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்ததே இல்லை. சாயங்காலம் வருகிற புருஷன் எனக்கு வாய்க்கவில்லை.

அதனால் நீங்கள் முழுசாக அழித்துவிட்டாலும் நான் வருவேன். நிச்சயமாக வருவேன். பாஸ்போர்ட் பாரத்தில் என் பங்கையும் எழுதிவிட்டேன். ஆனால் எப்படி வருவேன் தெரியுமா? கை வெளியே தெரிகிற ஜாக்கெட் போட்டுக்கொண்டு வருவேன். உங்கள் பளிங்குத் தரையில் நடந்து வந்து, நீங்கள் சூப்பர்வைசராக நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். லிஃப்டில் மேலே போவேன், கீழே வருவேன். நம்பரும் யானையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. கட்டடத்துக்காரர்கள் கேட்டால் "ஹவில்தார் வீட்டு நம்பர்" என்பேன். அப்போது என்ன செய்வார்கள்? என் கையையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவார்களா? வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

மஹ்மூது பாயிடம் நான் சலாம் சொன்னதாகச் சொல்லுங்கள். அவரைத் தனியாகச் சாப்பிட விடாதீர்கள்.

ஜெயமணி


முசஃபா
8 ஏப்ரல் 2006

அன்புள்ள ஜெயமணிக்கு,

ஆறாம் தேதி சாதிக் பாட்ஷா தானே காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் "கிளினிக் வேண்டாம், நேரே பில்டிங்குக்கு விடுங்க" என்றேன். "அண்ணே, வெளயாடாதீங்க. அவுக நாளைக்கித்தான் வரச் சொல்லிருக்காக. கையில பாதி அப்பிடியே கெடக்கு" என்றார். "அதக் காட்டத்தான் போறேன். இன்னக்கே காட்டிருவோம்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வண்டியைத் திருப்பினார். நல்ல மனுஷர்.

கீழே லாபியில் கட்டடத்து மேனேஜர் வந்தார். கோட்டு சூட்டு, மரியாதையாகத்தான் பேசினார். நான் ஃபுல் ஷர்ட்டின் வலது கையை முழங்கை வரை மடித்துவிட்டு நீட்டினேன். பாதி நம்பரும் பாதித் தழும்பும். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏன் பாதியில் நிற்கிறது, மிச்சம் எப்போது போகும் என்று கேட்டார். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். "சார், திஸ் நாட் டிசைன். திஸ் மை சர்வீஸ். செவன்டீன் இயர்ஸ். மை வைஃப் ஆல்ஸோ சேம் நம்பர். நாட் கோயிங்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே "வெரி குட், வெரி குட்" என்று தலையை ஆட்டினார். பிறகு, "பட் நாட் ஹியர்" என்றார்.

"தென் சார், ஐ ஆல்ஸோ நாட் ஹியர்" என்றேன்.

விறைப்பாக நின்று சல்யூட் ஒன்று அடித்துவிட்டு, அபவுட் டர்ன் போட்டு நடந்தேன். பளிங்குத் தரையில் ஷூ சத்தம் நன்றாகக் கேட்டது. அந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான். சாதிக் பாட்ஷா பின்னாலேயே ஓடி வந்தார். "போச்சு, கலாஸ்! என்னண்ணே, கைக்கி வந்தத இப்பிடித் தட்டி விட்டுட்டீக?" என்று கார் கதவை அறைந்து சாத்தினார்.  முசஃபா வந்ததும் கேட்டார், "மதினியும் குத்திருக்காகளாண்ணே? நெசமாவா?" என்று. நெசம்தான் என்றேன். "அப்ப ஒண்ணுஞ் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. ஃபேமிலி விசாவும் அதோடு போச்சு. நான் பழையபடி இரும்பு யார்டு கேட்டில். உன் கறிவேப்பிலை வரியைப் படித்தபிறகு இதைச் செய்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் படிக்காமல் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த வீட்டை நானும் மனசுக்குள் கட்டி வைத்திருந்தேன். பரவாயில்லை என்று எழுத மாட்டேன். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மறுபடி அந்த லாபியில் நிறுத்தினாலும் இதையேதான் செய்வேன்.

மஹ்மூது பாய் அன்றைக்குக் கோழி வாங்கி வந்து சமைத்தார்.  லெக் பீஸை என் தட்டில் போட்டார். உன் சலாமைச் சொன்னேன். "பாபிகோ மேரா சல்யூட் போல்னா" என்றார். உனக்கு சல்யூட்டாம்.

இப்போது டியூட்டியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். முன்பு கேட்ட அந்த டிரைவர் நேற்றும் வந்தான். "பாய், நம்பர் பாதி போச்சே, இனி எப்படிப் போன் பண்ணுவது?" என்று கேட்டான். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இறக்கி, எல்லாக் கதையையும் அவனிடம் சொன்னேன். பின்னால் நின்ற லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும்.

கடைசி மூன்று இலக்கம் இல்லாமல் கை ஒரு மாதிரியாக இருக்கிறது. இங்கே யாரிடமும் கொடுத்துக் குத்திக்கொள்ள மனசு வரவில்லை. ஜூனில் லீவு கேட்டிருக்கிறேன்.

உன்,
ஹவில்தார் ராக்கப்பன் (ஓய்வு)


கமுதி
19 ஏப்ரல் 2006

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ராதிகா சத்தமாகப் படித்தாள். "ஐ ஆல்ஸோ நாட் ஹியர்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "எங்கப்பாவா இப்படிச் சொன்னாரு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டு அலைகிறாள். பஞ்சவர்ணம் மதினியிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். மதினி சாயங்காலம் வந்தார். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யானைக்கு இன்னும் கொஞ்சம் தும்பிக்கை இழுத்து விடச் சொல்லுடி" என்றார். காப்பியும் குடித்துவிட்டுப் போனார்.

பொய் சொல்லக் கூடாது, அந்த வீட்டை நினைத்து நானும் ஒரு பாட்டம் அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு, பாஸ்போர்ட் பாரத்தைப் போஸ்ட் பண்ணிவிட்டு வந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எழுதி முடித்ததை ஏன் வீணாக்க வேண்டும்? என்றைக்காவது அந்த இரும்பு யார்டு கேட்டையாவது வந்து பார்ப்பேன்.

லீவை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பொன்னழகைத் தேடிப்பிடித்து, ஜூனில் வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டேன். மூன்று இலக்கம்தானே, ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடும் என்கிறாள். "எனக்குப் படிக்கத் தெரியாதே தாயி, எதப் பாத்துக் குத்துறது? மக எழுதித் தருமா?" என்று கேட்டாள்.

ராதிகா எழுத வேண்டாம், டிஸ்சார்ஜ் புத்தகமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நான் கையை நீட்டுகிறேன். அதைப் பார்த்துக் குத்தட்டும்.

வலிக்கும். எனக்கும் வலித்தது.

ஜெயமணி